உயிலில் கிடைத்த குடிவழி

குடிவழி தேடுவோர் திருமணப் பதிவையும் ஞானஸ்நான ஏட்டையும் நாடுவர். அமெரிக்காவில் அடிமையாய்ப் பிறந்த பெண்ணுக்கு இவ்வழிகள் பெரும்பாலும் அடைபட்டவை. அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. 1850, 1860ஆம் ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்களுக்கெனத் தனி அட்டவணை இருந்தது. அதில் உடையவரின் பெயர் உண்டு; அடிமைக்கு வயது, பால், நிறம் மட்டுமே. ஆகவே அத்தகையவரின் முன்னோரைத் தேடுபவர், உடையவரின் சொத்துப் பத்திரங்களையே புரட்ட வேண்டியிருக்கிறது.

ஹேரியட் ஜேக்கப்ஸ் 1813 வாக்கில் வட கரோலினாவின் ஈடன்டன் நகரில் பிறந்தவர். தம் அடிமை வாழ்வை 1861இல் 'லிண்டா பிரென்ட்' என்னும் புனைபெயரில் நூலாக்கினார். உற்றார், உடையவர் அனைவரின் பெயரையும் மாற்றினார். தலைப்புப் பக்கத்தில் பதிப்பாசிரியர் லிடியா மரியா சைல்டின் பெயரே இருந்தது. விளைவு, இருபதாம் நூற்றாண்டு அறிஞர் பலர் அதைப் புனைகதை என்றே ஒதுக்கினர். அடிமைப்பெண் ஒருத்தி இவ்வளவு நன்றாக எழுதியிருக்க முடியாது என்னும் எண்ணமும் அதில் கலந்திருந்தது எனலாம்.

ஜீன் ஃபேகன் யெலின் என்னும் பேராசிரியை, தோழி ஏமி போஸ்டுக்கு ஹேரியட் எழுதிய கடிதங்களைக் கொண்டு, நூல் ஹேரியட்டினுடையதே என 1981இல் நிறுவினார். 1987இல் விரிவான குறிப்புகளுடன் பதிப்பித்தார். நூலின் 'மார்த்தா அத்தை' பாட்டி மோலி ஹார்னிப்லோ ஆனார். 'டாக்டர் ஃபிளின்ட்' ஜேம்ஸ் நார்காம் என்னும் மருத்துவர் ஆனார்.

சான்றுகளுள் நெஞ்சை உறுத்துவது 1825ஆம் ஆண்டு உயிலின் பிற்சேர்க்கை. ஹேரியட்டுக்கு எழுத்தறிவித்த எசமானி மார்கரெட் ஹார்னிப்லோ இறந்தபோது, அச்சிறுமி நார்காமின் மூன்று வயது மகளுக்கு உடைமையானாள். அதே வாசகத்தில் ஓர் இழுப்பறைப் பெட்டியும் வேலைமேசையும் அக்குழந்தைக்கே சேர்கின்றன.

இன்னொன்று, 1835இல் நார்காம் வெளியிட்ட விளம்பரம். தப்பியோடியவளைப் பிடித்துத் தருவோருக்கு நூறு டாலர். உயரம், தலைமுடி ஆகியவற்றோடு, சரளமாகப் பேசுபவள் என்னும் அடையாளமும் அதில் உண்டு. அவருடைய மொழித்திறனுக்குச் சான்று பகைவரின் கையாலேயே கிடைத்துவிட்டது! அவரோ, பாட்டி வீட்டுக் கூரையடியில், மூன்றடிக்கு மேல் உயரமில்லாத பரணில் ஏறத்தாழ ஏழாண்டு ஒளிந்திருந்தார். கீழே தம் பிள்ளைகளின் குரல் கேட்கும்; பேச இயலாது. 1842இல் வடக்கே தப்பினார்.

தம்பி ஜான் 1855இல் சிட்னி நாளேடு ஒன்றில் எழுதிய தன்வரலாறு, 2024இல்தான் முழுநூலாக மறுபதிப்புக் கண்டது. தாய்மாமனைத் தொடர்ந்து ஆஸ்திரேலியா சென்ற மகன் ஜோசப் திரும்பவேயில்லை. மகள் லூயிசா மணம் புரியாது 1917இல் மறைந்தார். கேம்பிரிட்ஜ் நகரின் மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் ஹேரியட், ஜான், லூயிசா மூவருக்கும் அடுத்தடுத்துக் கற்கள் உள்ளன. அவற்றில் அவர்தம் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.