திங்களின் ஓட்டமும் தமிழர் கணக்கும்

தமிழகத்தை விட்டுத் தொலைவில் வாழ்வோர் இல்லங்களிலும் புத்தாண்டு பிறக்குமுன் ஊரிலிருந்து பஞ்சாங்கம் வந்து சேர்ந்துவிடுகிறது. ஒரு வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கம். அடுத்த வீட்டில் திருக்கணிதப் பஞ்சாங்கம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் திதி முடியும் நேரம் ஒத்திருப்பதில்லை. வானத்தில் உள்ள திங்கள் ஒன்றே. கணக்கு மட்டும் இரண்டானது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண, புதுச்சேரியோடு தொடர்புடைய இரண்டு சந்திர கிரகணங்களின் வரலாறு பெரிதும் துணை செய்யும்.

முதலில் திங்களின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம். அது பூமியைச் சுற்றும் பாதை முழு வட்டமன்று. சற்றே நீண்ட வட்டம். அதனால் திங்கள் ஒரு சமயம் ஏறத்தாழ 3,63,000 கிலோமீட்டர் தொலைவிலும், மற்றொரு சமயம் 4,05,000 கிலோமீட்டர் தொலைவிலும் இருக்கிறது. அருகில் வரும்போது விரைந்து செல்லும். அகன்றிருக்கும்போது மெல்லச் செல்லும். ஒரு நாளில் 12 பாகைக்குச் சற்றுக் குறைவாகவும் நகரும். 15 பாகைக்குச் சற்று மிகுதியாகவும் நகரும். அன்றியும், அதன் பாதை பூமியின் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்துள்ளது. ஆதலின் ஒவ்வொரு பௌர்ணமியிலும் திங்கள் பூமியின் நிழலில் புகுவதில்லை; நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ விலகிச் சென்றுவிடுகிறது. மூன்றும் நேர்கோட்டில் அமையும் பௌர்ணமியிலேதான் சந்திர கிரகணம் உண்டாகிறது. இவற்றையெல்லாம் ஒருங்கே கணக்கில் கொண்டு கிரகணத்தை முன்கூட்டிக் கூறுவது எளிய செயலன்று.

தென்னாட்டுக் கணிதர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். திங்கள் பூமிக்கு மிக அண்மையில் வரும் நிலையிலிருந்து மீண்டும் அந்நிலைக்கு வர ஏறத்தாழ 27½ நாள் ஆகிறது. இவ்வாறு 9 முறை வருவதற்கு 248 நாள்கள். அந்த 248 நாள்களுக்கும் திங்களின் நிலையை 248 சிறு வாக்கியங்களாக அமைத்தனர். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. வாக்கியத்தைச் சொன்னால் எண் வந்துவிடும். இவ்வாக்கியங்களை வரருசி இயற்றினார் என்பது மரபு. ஏடும் எழுத்தாணியும் இல்லாமலே, நினைவின் துணைகொண்டு கணக்கிட இம்முறை உதவிற்று. வாக்கியப் பஞ்சாங்கம் என்னும் பெயரும் இதனால் வந்ததே.

1768-ஆம் ஆண்டில் லெ ழாந்தீல் என்னும் பிரெஞ்சு வான நூலறிஞர், வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரி வந்தார். 1769 ஜூன் மாதத்தில், காத்திருந்த அந்த நாளில், மேகம் சூரியனை மறைத்துவிட்டது. ஆனால் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. தமிழர் ஒருவரிடம் இந்நாட்டு வான கணிதத்தைக் கற்றார். 1765 ஆகஸ்டு 30-ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கொண்டு அம்முறையைச் சோதித்தார். கிரகணம் நீடித்த காலத்தைத் தமிழர் கணக்கு 41 விநாடி குறைத்துக் காட்டியது. ஐரோப்பாவில் பெரும் புகழ் பெற்றிருந்த டோபியாஸ் மாயரின் அட்டவணையோ 68 விநாடி கூட்டிக் காட்டியது! அதே 1765-ஆம் ஆண்டில்தான் அந்த அட்டவணையின் பொருட்டு, மறைந்த மாயரின் மனைவிக்குப் பிரிட்டன் 3,000 பவுன் பரிசு வழங்கியது.

இவ்வரலாற்றைப் பெருமையோடு கூறுவோர் பலர். இத்துடன் நிறுத்திவிடுவோரும் பலர். ஆனால் இதற்கு அடுத்த ஏடும் உண்டு.

சென்னை வானாய்வுக் கூடத்தில் முன்பு பணியாற்றிய ஜான் வாரன், புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவரைக் கொண்டு, 1825 மே 31-இலும் ஜூன் 1-இலும் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணிக்கச் செய்தார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, நினைவிலிருந்த எண்களைக் கொண்டே கணித்தார். வானக் கொள்கை ஏதும் அவர் அறிந்திருக்கவில்லை என்றும், நினைவாற்றல் மட்டும் வியக்கத்தக்கது என்றும் வாரன் குறித்துள்ளார். விடையில் கிரகணத்தின் தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் பிழைபட்டிருந்தன.

41 விநாடியைப் போற்றி 52 நிமிடத்தை மறைப்பது வரலாறு ஆகாது. 52 நிமிடத்தைக் காட்டி மரபு முழுவதையும் இகழ்வதும் முறையன்று. ஒரு கிரகணத்தில் கணக்கு நெருங்கி வந்ததால் அடுத்ததிலும் நெருங்கி வரும் என்பதற்கு உறுதியில்லை. மாயரின் அட்டவணை, திங்களைச் சூரியனும் ஈர்க்கிறது என்னும் காரணத்தை உட்கொண்டிருந்தது. புதிய நோக்கங்களால் மேலும் திருத்தப்படவும் இடம் தந்தது. சோழிக் கணக்கிலோ எண்கள் இருந்தன. அவற்றின் காரணம் மறந்துபோயிருந்தது. காரணம் மறந்தபின் பிழையைத் திருத்துவது எவ்வாறு?

திருத்தும் வழக்கம் நம் நாட்டில் இல்லாத ஒன்றன்று. கேரளத்து நிளா நதிக்கரையில் வாழ்ந்த பரமேசுவரர் ஏறத்தாழ 55 ஆண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் நோக்கி, பழைய கணக்கைத் திருத்தி, 1431-இல் திருக்கணிதம் என்னும் முறையை வகுத்தார். ‘திருக்’ என்பது வடமொழியில் பார்வை. கண்டு ஒப்பிட்ட கணிதம் என்பது பொருள். 19-ஆம் நூற்றாண்டில் சென்னை வானாய்வுக் கூடத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் அவ்வழியிலேயே திருந்திய பஞ்சாங்கத்தை வெளியிட்டார். இன்று நம் வீடுகளில் பஞ்சாங்கம் இரண்டாக இருப்பதன் காரணம் இதுவே.

இன்றைய கணக்கும் முடிந்த முடிபு அன்று. 1969-இல் திங்களில் இறங்கியவர்கள் அங்கு ஒளியைத் திருப்பும் கருவியை வைத்து வந்தனர். அதன்மீது பூமியிலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சித் தொலைவை அளந்தபோது, திங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு அகன்று செல்கிறது என்பது புலனாயிற்று. கடலில் திங்கள் எழுப்பும் ஓதங்கள் பூமியின் சுழற்சியைத் தளர்த்துகின்றன. பூமி இழக்கும் சுழல் வேகமே திங்களை மெல்ல அப்பால் தள்ளுகிறது.

சந்திர கிரகணம் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் சென்னையிலும் ஒரே கணத்தில் தொடங்குகிறது. அடுத்த கிரகணத்தன்று, நீங்கள் எந்த ஊரில் இருப்பினும், பஞ்சாங்கத்தையும் கடிகாரத்தையும் கையில் கொண்டு மொட்டை மாடிக்குச் செல்லுங்கள். நிழல் படியத் தொடங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பரமேசுவரர் 55 ஆண்டுகள் செய்த பணியும் அதுவே.