போர்டு வேறு, பெட்டி வேறு

காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் இயந்திரங்களைச் சேகரிப்பவர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. 1980இல் வந்த பேக்மேன் விளையாட்டின் போர்டை, அதாவது அந்த விளையாட்டை இயக்கும் மின்சுற்றுப் பலகையை, அதற்கென்றே செய்த பெட்டியை விட்டுவிட்டு, பிற்காலத்துப் பொதுப் பெட்டி ஒன்றில் அடாப்டர் மாட்டி ஓட்டலாமா? வசதிக்காக வரலாற்றைச் சிதைக்கும் வேலை இது என்கிறது ஒரு தரப்பு. ஆனால் இந்தத் தொழில் நடந்துவந்த விதத்தைப் பார்த்தால் அந்தக் குற்றச்சாட்டு நிற்பதாகத் தெரியவில்லை. போர்டையும் பெட்டியையும் பிரிப்பதும் மாற்றிப் பூட்டுவதும் தொடக்கத்திலிருந்தே இத்தொழிலின் பிழைப்பு. அந்த மாற்றத்தின் சேதம் யார் தலையில் விழுகிறது என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியது. முதலில் பெட்டி பலியானது. பிறகு விளையாட்டை உருவாக்குபவர்களின் கை கட்டப்பட்டது. அடாப்டர் வந்தபின் சேதம் முழுவதையும் கழற்றக்கூடிய ஒரு சிறு துண்டு ஏற்றுக்கொள்கிறது.

பெட்டி, திரை, பவர் சப்ளை, காசு வாங்கும் பொறி ஆகியவை ஆண்டுக்கணக்கில் உழைப்பவை. விளையாட்டின் மவுசோ சில மாதங்களில் தேய்ந்துவிடும். விளையாட்டுக் கூடம் நடத்துபவருக்கு முதலீடு முடங்குவது பெட்டியில். வருமானம் தருவது போர்டு. இந்த முரண்தான் எல்லாவற்றுக்கும் வேர். 1980இல் நிண்டெண்டோவின் ரேடார் ஸ்கோப் அமெரிக்காவில் விலைபோகாமல் சுமார் 2000 இயந்திரங்கள் தேங்கியபோது, அவற்றைத் தூக்கி எறியாமல் உள்ளே இருந்ததை மாற்றி 1981இல் டாங்கி காங் ஆக்கினார்கள். டாங்கி காங்கின் முதல் பெட்டிகள் ரேடார் ஸ்கோப் பெட்டிகளின் சிவப்பு நிறத்திலேயே இருப்பது இதனால்தான். அதே காலத்தில் ஜப்பானின் டேட்டா ஈஸ்ட் நிறுவனம் ஒரே இயந்திரத்தில் கேசட்டை மாற்றிப் புது விளையாட்டை ஏற்றும் முறையைக் கொண்டுவந்தது; ஏற்றுவதற்கு நேரம் பிடித்ததும் நாடா பழுதானதும் அதைக் கவிழ்த்தன. அமெரிக்காவில் 1983 வாக்கில் வியாபாரம் படுத்தபோது, பழைய பெட்டிகளுக்கான மாற்றுத் தொகுப்புகள் பெருகின. பக்கவாட்டு ஓவியங்களின்மேல் கறுப்பு வண்ணம் பூசப்பட்டது, கட்டுப்பாட்டுப் பலகையில் புதுத் துளைகள் போடப்பட்டன, உள் வயர்கள் வெட்டப்பட்டன. இன்று 'அசல்' என்று போற்றப்படும் பெட்டிகள் பல அழிந்தது அப்போதுதான். அழித்தவர்களும் அந்தத் தொழில்காரர்களே.

இந்த வெட்டுக்கும் ஒட்டுக்கும் முடிவு கட்ட வந்தது 1985இன் ஜாம்மா தரம். ஜப்பானியக் கேளிக்கை இயந்திர உற்பத்தியாளர் சங்கத்தின் பெயர்ச்சுருக்கம்தான் ஜாம்மா. போர்டின் ஓரத்தில் பக்கத்துக்கு 28 வீதம் 56 இணைப்பு இடங்கள். அவற்றில் 5 வோல்ட், 12 வோல்ட் மின்சாரம், சிவப்பு, பச்சை, நீல வண்ணங்கள், திரைக்கான ஒத்திசைவு, ஒலிபெருக்கி, காசு ஸ்விட்ச், இரண்டு ஆட்டக்காரர்களின் ஜாய்ஸ்டிக், பட்டன்கள் என்று ஒவ்வொன்றுக்கும் நிலையான இடம். பழைய போர்டைப் பிடுங்கிப் புதியதைச் செருகினால் சில நிமிடங்களில் வேலை முடிந்தது. பெட்டி தப்பித்தது, ஆனால் விலையை வேறு ஆள் கொடுத்தார். ஆளுக்கு ஒரு ஜாய்ஸ்டிக், மூன்று பட்டன் என்பதே இந்தத் தரத்தின் எல்லை. ஸ்டீயரிங், டிராக்பால் போன்றவற்றுக்கு இடமே இல்லை. சேகாவின் ஹேங் ஆன் (1985), அவுட் ரன் (1986) போன்றவை தமக்கென்று பெரிய பெட்டிகளோடு தனி வழி போனதில் வியப்பில்லை. 1991இல் காப்காமின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆளுக்கு ஆறு பட்டன் கேட்டபோது, மீதிப் பட்டன்களுக்கு என்று தனி வயர்க்கட்டு ஒன்று போர்டோடு சேர்ந்தது. அந்த வயர்க்கட்டு வேறென்ன, அடாப்டர்தான். தரம் என்ற ஏற்பாடே அடாப்டரின் தயவால்தான் உயிரோடு இருந்தது.

முன்னோக்கிச் செய்யப்பட்ட இந்த ஏற்பாட்டைப் பின்னோக்கித் திருப்புவதுதான் பழைய போர்டுகளுக்கான அடாப்டர். பார்வைக்கு எளிது: ஒருபக்கம் 56 இடங்கள் கொண்ட செப்புப்பட்டை, மறுபக்கம் பழைய போர்டுக்கேற்ற கனெக்டர், நடுவில் வயர்கள். ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் வடிவமைத்த காலத்தின் பிடிவாதம் முழுவதும் அந்த நடுப்பகுதியில் வந்து முட்டும். பேக்மேன் போர்டில் இருப்பது 44 இடங்கள். சுமார் 7 வோல்ட் மாறுமின்னோட்டத்தை வாங்கி, அதைத் தானே நேர்மின்னோட்டமாக்கிக்கொள்ளும் போர்டு அது. ஜாம்மா பெட்டி தருவதோ நேரடியாக 5 வோல்ட் நேர்மின்னோட்டம். எந்த இடத்தில் மின்சாரம் நுழைய வேண்டும் என்பதை அறியாமல் கோத்த அடாப்டர் சில்லுகளைச் சுட்டுவிடும். டாங்கி காங் போர்டின் சிக்கல் வேறு: அதன் வண்ணச் சமிக்ஞைகள் தலைகீழானவை. நேராகக் கொடுத்தால் இருட்டு வெளிச்சமாகும், வெளிச்சம் இருட்டாகும். இடையில் அவற்றைப் புரட்ட ஒரு சுற்று வேண்டும், ஒலியைப் பெருக்க இன்னொன்று வேண்டும். ஆஸ்டிராய்ட்ஸ் (1979), டெம்பெஸ்ட் (1981) போன்றவை கோடுகளால் படம் வரையும் தனிவகைத் திரைக்காகப் பிறந்தவை என்பதால், சாதாரண வயர் அடாப்டரால் அவற்றைப் பொதுப் பெட்டியில் ஓட்டவே முடியாது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இங்கேதான் எழுகிறது: விளையாட்டு என்பது போர்டு மட்டுமா? ஸ்பேஸ் இன்வேடர்ஸின் (1978) முதல் வடிவத்தில் போர்டு அனுப்பியது கறுப்பு வெள்ளைப் படமே. திரையின்மேல் ஒட்டிய வண்ணத் தாள்தான் அதற்கு நிறம் கொடுத்தது. அமெரிக்காவில் மிட்வே விற்ற பெட்டியிலோ, அந்தப் படம் கண்ணாடியில் பிரதிபலித்து நிலவின் ஓவியத்தின்மேல் மிதந்தது. இவற்றைப் பொதுப் பெட்டி தராது என்பது உண்மை, மறுக்கத் தேவையில்லை. ஆனால் இந்த வாதம் நிரூபிப்பது பெட்டியின் மதிப்பை மட்டுமே; அடாப்டரின் குற்றத்தை நிரூபிக்கவில்லை. அசல் பெட்டி கையில் இருப்பவர் அதில்தான் போர்டை வைக்க வேண்டும். பெட்டி எப்போதோ விறகாகிப்போன போர்டுகளின் கதி என்ன? அவற்றுக்கு முன்னால் இருக்கும் தேர்வுகள் அடாப்டரும் அலமாரியும்தான். ஓடாமல் கிடக்கும் போர்டில் எந்தச் சில்லு செத்தது என்பதுகூடத் தெரியாது.

இன்னொரு தரப்பு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்கிறது: எல்லாம் கணினியில் ஓடும்போது போர்டு எதற்கு? 1997இல் நிக்கோலா சால்மோரியா தொடங்கிய மேம் என்ற மென்பொருள் ஆயிரக்கணக்கான விளையாட்டுகளை மறதியிலிருந்து மீட்டிருப்பது மறுக்க முடியாதது. ஆனால் அதன் நம்பகத்தன்மைக்கு உரைகல் எது? வேகம், ஒலி, நிறம் ஆகியவை சரியா என்று ஐயம் வந்தால், உயிருள்ள போர்டை ஓட்டித்தான் ஒப்பிட முடியும். நகலைச் சரிபார்க்க மூலம் வேண்டும். அந்த மூலம் இயங்க அடாப்டர் உதவுகிறது. ஆகவே மேம் போர்டைத் தேவையற்றதாக்கவில்லை, அதை ஓட்டுவதற்கு இன்னொரு காரணத்தையே தந்திருக்கிறது.

வழக்கை இவ்வளவு தூரம் நடத்தியபின் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. மாற்றம் எங்கே செய்யப்படுகிறது, அதைத் திரும்பப் பெற முடியுமா? போர்டின் செப்புத் தடத்தை அறுத்து, அதன்மேலேயே வயரைப் பற்றவைத்து ஜாம்மாவுக்கு இழுப்பவர், 1980களில் பெட்டிக்குக் கறுப்புப் பூசியவர் செய்ததையே போர்டுக்குச் செய்கிறார். அவரைப் பொறுத்தவரை சிதைவு என்ற குற்றச்சாட்டு முற்றிலும் சரி. ஒழுங்காகச் செய்த அடாப்டர் அப்படியல்ல. நாளை அசல் பெட்டி ஒன்று கிடைத்தால், அதைக் கழற்றிவிட்டுப் போர்டைப் பழைய இடத்தில் பூட்டிக்கொள்ளலாம். அந்த வாய்ப்பைத் திறந்து வைத்திருப்பதே அடாப்டருக்கான நியாயம். அதை மூடிவிடும் எந்த வேலைக்கும் இத்தொழிலின் பழைய வழக்கத்தைச் சாட்சிக்கு அழைப்பது செல்லாது.