ஒருவர் போதாது: ட்வெய்ன் மெக்டஃபியின் காமிக்ஸும் கார்ட்டூனும்

1989இல் மார்வெல் காமிக்ஸின் நியூயார்க் அலுவலகத்தில் ஒரு குறிப்பு மேசை மேசையாகச் சுற்றியது. புதிய தொடர் ஒன்றுக்கான முன்மொழிவு என்ற தோரணையில் எழுதப்பட்டிருந்த அதன் தலைப்பு 'டீனேஜ் நீக்ரோ நிஞ்ஜா த்ராஷர்ஸ்'. கறுப்பின இளைஞர்கள் கூட்டமாக ஸ்கேட்போர்டில் பறந்து குற்றவாளிகளைப் பிடிப்பார்களாம். எழுதியவர் அங்கே வேலை பார்த்துவந்த ட்வெய்ன் மெக்டஃபி. மார்வெல் கதைகளில் அன்று உலவிய கறுப்பின சூப்பர் ஹீரோக்களில் கால்வாசிப் பேர் ஸ்கேட்போர்டுக்காரர்கள் என்பதை மேலிடத்துக்கு உறைக்கச் செய்ய அவர் தேர்ந்துகொண்ட வழி அது. நைட் த்ராஷர், ராக்கெட் ரேஸர் என்று இரண்டே பேர்தான் ஸ்கேட்போர்டில் வந்தார்கள். இரண்டு பேர் கால்வாசி ஆகிவிடுகிறார்கள் என்றால் மொத்தம் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

மெக்டஃபியின் எழுத்து வாழ்க்கை முழுவதையும் இந்தக் கணக்கை வைத்தே படிக்க முடியும். கதையில் ஒரே ஒரு கறுப்பின நாயகன் இருந்தால் அவன் தன் இனம் முழுவதற்கும் பிரதிநிதி ஆகிவிடுகிறான். அவன் கோழையாக இருக்கக் கூடாது, முட்டாளாகவோ கஞ்சனாகவோ இருக்கக் கூடாது, தோற்கவும் கூடாது. குறை இல்லாத பாத்திரத்தை வைத்துக்கொண்டு கதை பண்ண முடியாது. ஆகவே நல்ல கதை வேண்டுமென்றால் முதலில் எண்ணிக்கை வேண்டும் என்று பேட்டிகளில் அவர் திரும்பத் திரும்ப வாதாடினார். அறம் சார்ந்த கோரிக்கையாகத் தோன்றினாலும் இது அடிப்படையில் கைத்தொழில் தெரிந்த ஒருவரின் புகார்.

மெக்டஃபி 1962 பிப்ரவரி 20 அன்று டெட்ராய்ட்டில் பிறந்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தார், இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்றார், பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கல்விக்குச் சேர்ந்தார். ஒரு வணிகப் பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தபோதுதான் நண்பர் ஒருவர் மூலம் மார்வெலில் உதவி ஆசிரியர் வேலைக்கான நேர்காணல் கிடைத்தது.

வணிகப் பத்திரிகை மேசையின் வாசனை அவருடைய முதல் முக்கியப் படைப்பிலேயே அடிக்கிறது. ஓவியர் எர்னி கோலோனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய 'டேமேஜ் கன்ட்ரோல்' கதையின் நாயகன் ஒரு நிறுவனம். சூப்பர் ஹீரோக்கள் சண்டைபோட்டு இடித்துத் தள்ளிய கட்டடங்களை அள்ளிக் கொட்டி, மறுபடி கட்டித் தருவது அதன் தொழில். பில் அனுப்ப வேண்டும், காப்பீட்டுக்காரர்களோடு மல்லுக்கட்ட வேண்டும், வில்லனிடம் போய் பாக்கியை வசூலிக்க வேண்டும். வானளாவிய சண்டைகளின் செலவுக் கணக்கை யார் பார்ப்பது என்று அதுவரை பெரிதாக யாரும் கேட்டதில்லை. 2017இல் வந்த 'ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்' படத்தில் இதே பெயரில் ஒரு அமைப்பு வருவதைப் பார்த்த பலருக்கு அதன் மூலம் ஒரு நகைச்சுவை காமிக்ஸ் என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அடுத்து வந்தது 'டெத்லாக்'. 1990இல் கிரெகரி ரைட்டுடன் இணைந்து எழுதிய இந்தக் கதையில், அகிம்சையில் நம்பிக்கையுள்ள மைக்கேல் காலின்ஸ் என்ற கறுப்பின விஞ்ஞானியின் மூளை ஒரு கொலை இயந்திரத்துக்குள் பொருத்தப்படுகிறது. உடல் அவருடையதல்ல, அதை ஆட்டுவிக்கும் கணினியோடு ஒவ்வொரு தருணத்திலும் பேரம் பேசி, கொல்லக் கூடாது என்று ஆணையிட்டபடியே வாழ்கிறார். பிறருக்குச் சொந்தமான உடலில் தன் மனசாட்சியைக் காப்பாற்றப் போராடும் ஒருவனின் கதையை, பெரிய நிறுவனத்தின் பாத்திரங்களை வைத்து எழுதிக்கொண்டிருந்த ஒருவர் எழுதினார் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க மனம் வரவில்லை. பின்னர் அந்தத் தொடரை வரைந்தவர்களில் ஒருவர் டெனிஸ் கோவன்.

அதே கோவனும் மெக்டஃபியும், ஓவியர் மைக்கேல் டேவிஸும், வணிக இதழாளர் டெரெக் டிங்கிளும் சேர்ந்து தொடங்கியதுதான் மைல்ஸ்டோன் மீடியா. 1993இல் நான்கு இதழ்களோடு அது கடைக்கு வந்தது: 'ஹார்டுவேர்', 'பிளட் சிண்டிகேட்', 'ஐகான்', 'ஸ்டாட்டிக்'. அச்சும் விநியோகமும் டிசி காமிக்ஸ் பொறுப்பு. இங்கே ஒப்பந்தத்தின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். பாத்திரங்களின் உரிமை மைல்ஸ்டோனிடமே இருந்தது. ஆசிரியப் பொறுப்பும் அவர்களுடையதே. அமெரிக்க காமிக்ஸில் பாத்திரத்தைப் படைத்தவர் சம்பளத்தை வாங்கிக்கொண்டு உரிமையை நிறுவனத்திடம் விட்டுவிட்டுப் போவதே நெடுநாள் வழக்கம். சூப்பர்மேனைப் படைத்த சீகலும் ஷூஸ்டரும் 1938இல் 130 டாலருக்கு உரிமையை எழுதிக்கொடுத்த கதை அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். மைல்ஸ்டோன்காரர்கள் அந்த வரலாற்றைப் படித்துவிட்டு மேசைக்கு வந்தவர்கள்.

விமர்சனம் இரண்டு பக்கமும் வந்தது. வெள்ளையர் நிறுவனத்தின் விநியோகத்தில் வருவது எப்படிக் கறுப்பினப் பதிப்பாகும் என்று சிறிய கறுப்பினப் பதிப்பாளர்கள் சிலர் கேட்டார்கள். கடைக்காரர்களில் ஒரு பகுதியினரோ இவற்றைக் கறுப்பின வாசகர்களுக்கு மட்டுமான சரக்கு என்று ஓரமாக அடுக்கினார்கள்.

கதைகளைத் திறந்து பார்த்தால் எண்ணிக்கை பற்றிய வாதம் செயலில் எப்படி இருக்கும் என்பது விளங்கும். ஐகான் வேற்றுக்கிரகவாசி, 1839இல் அமெரிக்கத் தெற்கில் விழுந்த அவனுடைய கலத்தை அடிமைப் பெண் ஒருத்தி கண்டெடுக்கிறாள், அவளைப் போன்ற மனிதக் குழந்தையாக உரு மாறுகிறான். நூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகு அவன் அகஸ்டஸ் ஃப்ரீமன் என்ற பணக்கார வழக்கறிஞன், அரசியலில் பழமைவாதி, தானுண்டு தன் வீடுண்டு என்று இருப்பவன். அந்த வீட்டுக்குத் திருட வந்த கூட்டத்தோடு வந்த ராக்கெல் எர்வின் என்ற பதின்வயதுப் பெண், இவ்வளவு வலிமை இருந்தும் ஏன் சும்மா இருக்கிறாய் என்று அவனை உலுக்குகிறாள். அவளே ராக்கெட் என்ற பெயரில் அவனுடைய துணை வீராங்கனை ஆகிறாள். கதையின் போக்கில் அவள் கர்ப்பமாகிறாள், குழந்தை பெறுகிறாள். எழுத்தாளராக வேண்டும் என்று ஆசைப்படும் ராக்கெட்தான் அந்தத் தொடரின் உண்மையான நாயகி என்பது சில இதழ்களிலேயே புரிந்துவிடும். இருவரும் அரசியலில் எதிரெதிர். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஒற்றைப் பிரதிநிதியை வைத்துக்கொண்டு இந்த வாதத்தை எழுதியிருக்க முடியாது.

'ஐகான்' தொடரின் 13ஆம் இதழில் பக் வைல்ட் என்று ஒருவன் வருகிறான். எழுபதுகளின் மார்வெல் நாயகன் லூக் கேஜைப் போலவே உடையும் பேச்சும். வாசகர் வயிறு குலுங்கச் சிரிக்கும் கேலி அது. ஆனால் அந்த அசட்டு முன்னோடிகள் இல்லாவிட்டால் தாங்கள் இல்லை என்ற நன்றியும் பின்னால் வரும் இதழ்களில் சேர்ந்துகொள்கிறது. கேலிக்கு ஆளானவரையே கௌரவிக்கும் இந்தக் கலை எல்லோருக்கும் கைவராது.

'ஸ்டாட்டிக்' இதழை மெக்டஃபி ராபர்ட் வாஷிங்டனுடன் சேர்ந்து எழுத, ஜான் பால் லியோன் வரைந்தார். நாயகன் வர்ஜில் ஹாக்கின்ஸ், பதினைந்து வயதுப் பள்ளி மாணவன், வாய் ஓயாதவன், காமிக்ஸ் பைத்தியம். நிறத்தின் காரணமாக ஃப்ளோரிடா பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் வழக்காடிய ஒருவரின் பெயரை அவனுக்கு வைத்தார்கள். டகோட்டா என்ற கற்பனை நகரில் கும்பல்களுக்கு இடையே மூண்ட சண்டையில் காவல்துறை சோதனை ரசாயனம் கலந்த கண்ணீர்ப்புகையை வீசுகிறது, பலர் சாகிறார்கள், பிழைத்தவர்களுக்கு விசித்திர சக்திகள் வருகின்றன. தன்னை அடித்தவனைப் பழிவாங்கத் துப்பாக்கியோடு அங்கே போன வர்ஜிலுக்கு மின்காந்த சக்தி. அந்த ரசாயனத்தின் பின்னணியில் இருப்பவர் எட்வின் ஆல்வா என்ற தொழிலதிபர். 'ஹார்டுவேர்' கதையில் கர்ட்டிஸ் மெட்கால்ஃப் என்ற கண்டுபிடிப்பாளனின் உழைப்பைச் சுரண்டுபவரும் அவரே. 'பிளட் சிண்டிகேட்' குழுவோ அதே சம்பவத்தில் பிழைத்த கும்பல்காரர்கள். ஒரே நகரம், ஒரே குற்றம், நான்கு கோணங்கள்.

காலம் கைகொடுக்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காமிக்ஸை முதலீடாக வாங்கிக் குவித்த கூட்டம் கலைந்தது. கடைகள் வரிசையாக மூடின. விநியோக முறை குலைந்தது. 1996 டிசம்பரில் மார்வெலே திவால் மனு கொடுத்தது. 1997இல் மைல்ஸ்டோன் இதழ்கள் நின்றன.

நின்றுபோன காமிக்ஸ் தொலைக்காட்சியில் உயிர்பெற்றது உரிமை கையில் இருந்ததால்தான். வார்னர் பிரதர்ஸின் சிறுவர் ஒளிபரப்பில் 2000 செப்டம்பரில் தொடங்கிய 'ஸ்டாட்டிக் ஷாக்', 2004 வரை நான்கு பருவங்கள், 52 எபிசோடுகள் ஓடியது. கோவன் அதன் தயாரிப்பாளர்களில் ஒருவர். மெக்டஃபி எபிசோடுகள் எழுதினார், கதை ஆசிரியராகவும் இருந்தார். காலைக் கார்ட்டூனின் விதிகள் வேறு. காமிக்ஸில் உயிரோடு இருந்த வர்ஜிலின் தாய் இங்கே கலவரமொன்றில் குண்டுபட்டு இறந்துவிட்டிருக்கிறார். காமிக்ஸில் தன்பாலின ஈர்ப்புள்ளவனாக வெளிப்படையாகச் சித்திரிக்கப்பட்ட ரிக் என்ற நண்பன், தொலைக்காட்சியில் ரிச்சி ஆனான். அந்த விஷயம் மௌனமாக்கப்பட்டது. ரிச்சியும் அப்படிப்பட்டவனே என்று மெக்டஃபி பின்னாளில் சொன்னார்.

இழந்ததை மட்டும் கணக்கெடுப்பது நியாயமாகாது. ரிச்சியின் வீட்டுக்குப் போகும் வர்ஜில், நண்பனின் அப்பா நிறவெறி பிடித்தவர் என்று கண்டுகொள்ளும் எபிசோடு சனிக்கிழமைக் காலை ஒளிபரப்பில் அன்றைக்குப் பெரிய துணிச்சல். 'ஜிம்மி' என்ற எபிசோடு, வதைக்கப்படும் மாணவன் ஒருவன் அப்பாவின் துப்பாக்கியைப் பள்ளிக்கு எடுத்துவருவதைப் பற்றியது. அதில் சூப்பர் வில்லனுக்கு வேலையே இல்லை. குண்டு பாய்வது ரிச்சியின் காலில். அந்த எபிசோடு 2003இல் ஹ்யூமானிடாஸ் பரிசைப் பெற்றது.

இந்தக் காலத்தில்தான் மெக்டஃபி, டிசி நாயகர்கள் ஒன்றுசேரும் 'ஜஸ்டிஸ் லீக்' கார்ட்டூனின் எழுத்துக் குழுவில் சேர்ந்தார். 2004 முதல் 2006 வரை வந்த 'ஜஸ்டிஸ் லீக் அன்லிமிடெட்' தொடரில் கதை ஆசிரியர், தயாரிப்பாளர் என்ற நிலைக்கு உயர்ந்தார். கறுப்பினத்தவரான ஜான் ஸ்டூவர்ட்டை கிரீன் லான்டர்னாகத் தேர்ந்தது அவர் வருவதற்கு முன்பே நடந்த முடிவு. விறைப்பான ராணுவவீரனாகத் தொடங்கிய ஜானுக்குக் காதலும் குழப்பமும் தவறுகளும் கிடைத்து முழு மனிதனாக வளர்ந்ததில் மெக்டஃபியின் கைக்குப் பங்குண்டு. இத்தனை வலிமையுள்ளவர்கள் ஒருநாள் நம்மீதே திரும்பினால் என்ன செய்வது என்று ஓர் அரசாங்கம் பயப்படுவதை மையமாக வைத்த காட்மஸ் கதைத் தொகுதி, சிறுவர் அலைவரிசையில் வந்த அரசியல் கதை என்றே சொல்லலாம்.

அதன் முத்தாய்ப்பு 2005இல் வந்த 'எபிலாக்'. மனத்தால் உலகை வளைக்கும் ஏஸ் என்ற சிறுமி சாகும் தறுவாயில் இருக்கிறாள். அவள் சாகும் கணத்தில் ஊரே அழியலாம். முந்திக்கொண்டு கொல்வதற்கான கருவியோடு பேட்மேன் உள்ளே போகிறார். அவர் செய்வதோ பக்கத்து ஊஞ்சலில் உட்கார்ந்து, அவள் போகும்வரை துணையாக இருப்பது மட்டுமே. பேட்மேனை இருபதாண்டுகளாக ரத்தமும் இருட்டுமாக எழுதித் தள்ளியவர்கள் கண்டுகொள்ளாத இடம் அது.

மெக்டஃபிக்குக் கதைத் தொடர்ச்சியை வைத்து வெறியாட்டம் ஆடுபவர்களைக் கண்டால் சிரிப்பு. 2002இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒரு தொடரின் பாத்திரம் இன்னொன்றில் எட்டிப்பார்ப்பதையெல்லாம் கணக்கில் எடுத்தால், அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் பெரும்பகுதி 'செயின்ட் எல்ஸ்வேர்' தொடரின் கடைசிக் காட்சியில் வரும் சிறுவனின் கற்பனை என்று ஆகிவிடும் என நிறுவிக் காட்டினார். இயற்பியல் படித்தவரின் குறும்பு.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியாவிட்டாலும் அவருடைய வேலை தெரியும். 2008இல் தொடங்கிய 'பென் 10: ஏலியன் ஃபோர்ஸ்' தொடரை க்ளென் முரகாமியோடு சேர்ந்து வடிவமைத்தவர் அவர். பத்து வயதுப் பையனைப் பதினைந்து வயதுக்குக் கொண்டுவந்து, எதிரியாயிருந்த கெவினைத் தோழனாக்கியது அந்தக் கட்டம்தான். தமிழ்க் குரலில் பென் பேசக் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்மிடையே உண்டு.

காமிக்ஸுக்கு அவர் திரும்பியபோது பழைய முட்டுக்கட்டைகளே காத்திருந்தன. 2007இல் அவர் எழுதிய மார்வெலின் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இதழில் கறுப்பின நாயகர்களான பிளாக் பேந்தரும் ஸ்டார்மும் சிறிது காலம் குழுவில் இடம்பெற்றார்கள். அதே ஆண்டு டிசியின் 'ஜஸ்டிஸ் லீக் ஆஃப் அமெரிக்கா' அவர் கைக்கு வந்தது. அணியில் மூன்று கறுப்பினத்தவர் சேர்ந்துவிட்டால் அது கறுப்பினக் கதையாக முத்திரை குத்தப்பட்டுவிடும் என்று அவர் ஒரு விதியே வகுத்துச் சொல்லியிருந்தார். அதன் உண்மையை இங்கே நேரிலேயே அனுபவித்தார். கதையில் நேரும் திடீர் மாற்றங்களுக்கு ஆசிரியர் குழுவின் தலையீடே காரணம் என்று வாசகர்களிடம் ஒளிவுமறைவின்றிப் பேசியதால் 2009இல் அந்தப் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார்.

கடைசிக் காலப் பணிகள் முழுநீள அனிமேஷன் படங்கள். 2010இல் வந்த 'கிரைசிஸ் ஆன் டூ எர்த்ஸ்', இரண்டு ஜஸ்டிஸ் லீக் தொடர்களுக்கும் பாலமாக முன்பே எழுதிக் கிடப்பில் கிடந்த திரைக்கதை. 'ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்' படத்துக்காக கிரான்ட் மாரிசனின் பன்னிரண்டு இதழ்களை ஒன்றேகால் மணி நேரத்தில் அடக்க வேண்டியிருந்தது. எதை வெட்டுவது என்பதில்தான் அவருடைய கைத்திறன் முழுதும் தெரிகிறது. இதய அறுவை சிகிச்சையைத் தொடர்ந்த சிக்கல்களால் 2011 பிப்ரவரி 21 அன்று, 49 வயது நிறைந்த மறுநாள், பர்பாங்கில் இறந்தார். அதற்கு அடுத்த நாள் அந்தப் படம் வெளியானது. அவர் எழுதிய 'ஜஸ்டிஸ் லீக்: டூம்' 2012இல் வந்தது.

அவர் கேட்ட எண்ணிக்கை திரையில் சேரத் தொடங்கியது அவர் போன பிறகுதான். ஸ்டாட்டிக் மட்டுமே எட்டியிருந்த தொலைக்காட்சிக்கு ஐகானும் ராக்கெட்டும் 'யங் ஜஸ்டிஸ்' தொடர் வழியாக வந்தார்கள். பின்னர் ஸ்டாட்டிக்கும் அதே தொடரில் தலைகாட்டினான். 2021இல் டிசி மைல்ஸ்டோன் இதழ்களை மீண்டும் தொடங்கியது. புதிய 'ஸ்டாட்டிக்' கதையில் கும்பல் சண்டை இல்லை. காவல்துறை வன்முறைக்கு எதிராகத் திரண்ட கூட்டத்தின் மீது வீசப்படும் கண்ணீர்ப்புகையில் வர்ஜிலுக்குச் சக்தி கிடைக்கிறது.