இந்தியத் தற்காப்பும் ஒரு வங்காள அந்தணரும்

சதுரங்கம் பாரத நாட்டில் தோன்றிப் பாரசீகம், அரபு நாடுகள் வழியே ஐரோப்பா சென்ற ஆட்டம் என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆயின், கறுப்புக் காய்களுடன் ஆடுவோர் கைக்கொள்ளும் ‘இந்தியத் தற்காப்பு’ என்னும் தொடக்க முறைக்கு, நம் சங்கம் அமைந்துள்ள இக்கொல்கத்தா மாநகரமே விளைநிலம் என்பதை நம்மிற் பலர் அறியோம். விழா மலரில் அதனை நினைவுகூர்தல் தகுமெனக் கருதுகிறோம்.

அந்நாளைய கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்னும் வழக்கறிஞர் வாழ்ந்தார். 1822இல் சதுரங்க நூலொன்று வெளியிட்டவர். விடுப்பில் லண்டன் சென்றபோது ஸ்டான்டன் என்னும் பெருவீரரோடு நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடியவர். நகருக்கு அப்பாலுள்ள சிற்றூரில் தோல்வியே காணாத அந்தணர் ஒருவர் உளர் என்னும் செய்தி 1848ஆம் ஆண்டளவில் அவரை எட்டியது. அவரே மகேசசந்திர பானர்ஜி.

இருவரும் பன்முறை மோதினர். தொடக்கத்தில் ஐரோப்பிய முறையிலேயே மகேசசந்திரர் எதிர் நின்றார். 1848இல் நிகழ்ந்த ஓர் ஆட்டத்தில், உறுதிமிக்கதாகிய ருஷ்யத் தற்காப்பை அவர் மேற்கொள்ள, காக்ரேன் நான்காம் நகர்விலேயே குதிரையைப் பலியிட்டு அரசனின் அரணைப் பிளந்தார். அவ்வுத்தி இன்றும் காக்ரேன் பெயரால் வழங்குகிறது.

மகேசசந்திரர் சோர்ந்தாரில்லை, தாம் பழகிய மண்ணின் முறைக்குத் திரும்பினார். நம் நாட்டின் பல பகுதிகளில் அந்நாளில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். ஆகவே நடுக்களத்திற்கு விரையாமல், குதிரைச் சிப்பாயை ஓரடி நகர்த்தி, அவ்விடத்தில் மந்திரியை இருத்தி, அரசனைக் காத்து நிற்றல் நம்மவர்க்கு இயல்பு. நடுக்களத்தை வெள்ளை கைப்பற்றட்டும். பின்னர் அதனைத் தொலைவினின்று தாக்கித் தகர்ப்போம் என்பதே இதன் உட்பொருள்.

1855இல் அது கனிந்தது. வெள்ளை ராணிச் சிப்பாயை முன்னனுப்ப, மகேசசந்திரர் குதிரையை எடுத்தார், மந்திரிக்கு வழிவிட்டார், மூன்றாம் நகர்வில் தம் ராணிச் சிப்பாயை இருகட்டம் செலுத்தி எதிர்த்தார். ஆயினும் அவ்வாட்டத்தில் வென்றவர் காக்ரேனே. 67 ஆண்டுகள் கழித்து, 1922இல், வியன்னாவைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் கிரூன்ஃபெல்ட் இதே முறையைக் கையாண்டார். அன்றுமுதல் அது கிரூன்ஃபெல்ட் தற்காப்பாயிற்று!

இருவர் ஆடியவற்றுள் காக்ரேன் வென்றனவே மிகுதி என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. எனினும், ‘இந்தியத் தற்காப்பு’ என்னும் பெயர் 1884இலேயே அச்சேறிவிட்டது. பின்னர்ச் சோவியத் வீரர்களான பிரான்ஸ்டைன், பொலெஸ்லாவ்ஸ்கி ஆகியோர் அதன் கிளையாகிய அரசன்பக்க இந்தியத் தற்காப்பைப் பேராயுதமாக்கினர். பிஷரும் காஸ்பரோவும் அதனை விரும்பி ஆடினர்.

நம் தமிழகத்திற்கும் இதில் பங்குண்டு. நாட்டு விதிகள் பரவலாய் வழங்கிய காலத்தில், அனைத்துலக விதிகளையும் தொடக்க ஆட்ட நூல்களையும் பயிலுமாறு இளைஞரைத் தூண்டியவருள் முதன்மையானவர் மானுவேல் ஆரோன். 1961இல் நாட்டின் முதல் அனைத்துலக மாஸ்டரானவரும் அவரே.

தற்காப்பிற்கு நாட்டின் பெயர் வாய்த்தது. அதனை ஆடிக்காட்டியவர் பெயரோ மங்கியது. பிறர் விதியை ஏற்றும், தம் பழக்கத்தின் பயனைக் கைவிடாதவர் அவர். வேற்றூரில் வாழும் நமக்கு அப்பாடம் புதிதன்று. நம் சங்கத்து இளைஞர் கறுப்புக் காய்களை அடுக்கும்போதெல்லாம், இம்மண்ணின் மைந்தராகிய மகேசசந்திரரை ஒருகணம் எண்ணுவாராக!