பிளவக்கல் அடிவாரத்தில் ஊர்கள் உண்டான முறை

1830-ஆம் ஆண்டில் சார்லஸ் மெட்காஃப் இந்தியக் கிராமங்களைச் சிறு குடியரசுகள் என்று வருணித்த காலந்தொட்டு, அரசுகள் மாறினும் தான் மாறாது, அயலாரின் தயவை நாடாது வாழும் ஒரு ஸ்தாபனமாகவே கிராமத்தை நோக்கும் வழக்கம் அறிஞரிடையே வேரூன்றிவிட்டது. 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் அச்சித்திரத்தைக் கடுமையாகக் கண்டித்தபோதும், அவர் மறுத்தது கிராமத்தின் மேன்மையையேயன்றி அதன் தனிமையை அன்று. பிளவக்கல்லை அடுத்துள்ள வத்திராயிருப்புப் பக்கத்து ஊர்களை ஆராய்வோர்க்கோ, அத்தனிமையே சந்தேகத்துக்குரியதாகத் தோன்றும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச்சரிவில் இறங்கும் பெரியாறும் கோவிலாறும் அர்ச்சுனா நதியாகி, வைப்பாற்றை அடைந்து கிழக்கே கடலுக்குச் செல்கின்றன. ஆண்டு முழுதும் ஓடும் தாமிரவருணி இங்கில்லை; ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் அடைமழையே பிரதான ஜீவாதாரம். சில வாரங்களில் பெருகி வடிந்துவிடும் வெள்ளத்தை மறித்துத் தேக்கினாலன்றி நெல் விளையாதாகலின், இங்கே கண்மாய் வெட்டுதலும் ஊர் அமைத்தலும் ஏறத்தாழ ஒரே காரியமாயின. இப்பகுதி 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அந்த ஜில்லாவின் உழவர் வரலாற்றை 1985-இல் எழுதிய டேவிட் லட்டன், ஆற்றுப்பாசன நஞ்சை, வானம் பார்த்த புஞ்சை, குளத்துப்பாசனக் கலப்பு நிலம் என மூவகை நிலங்களைப் பிரித்துக் காட்டினார். நம் ஊர்கள் மூன்றாம் வகையின் நல்ல உதாரணங்கள்.

கண்மாயின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்த்தல் அவசியம். பழைய மடைகளில், கரைக்கு உட்புறம் தண்ணீருக்குள் இரு கற்றூண்கள் நிற்கும். அவற்றைப் பிணைக்கும் குறுக்குக் கல்லின் துளை வழியே இறங்கும் தண்டின் நுனியில் உள்ள குமிழ், அடியிலுள்ள கல் தொட்டியின் வாயை அடைத்திருக்கும். தொட்டியின் பக்கவாட்டிலே, தண்ணீரோடு வண்டலும் வெளியேறுமாறு சேறோடித் துளைகள் விட்டிருப்பர். மடையைத் திறந்து வயல்முறை பார்த்துப் பாய்ச்சுவதற்கு மடைக்குடும்பன் அல்லது நீர்ப்பாய்ச்சி என்பார் ஒருவர் இருந்தார். அவருக்கு அறுவடைக் களத்தில் நெல்லாகவே கூலி அளந்தனர். தண்ணீரைப் பங்கிட்டவருக்கு நிலத்தில் பங்கு பெரும்பாலும் இருந்ததில்லை என்பதையும் மறக்கலாகாது.

எனினும், ஊர்களின் பரஸ்பர உறவை நிர்ணயிப்பது மடையன்று, கலுங்கு. மேலூர்க் கண்மாய் நிறைந்தபின் கலுங்கு வழியே மறுகால் பாயும் நீரே கீழூர்க் கண்மாயின் வரத்து. கலுங்கின் மேல் நட்ட கற்களின் இடையே மண்ணும் புல்லும் இட்டு ஒரு முழம் உயர்த்திவிட்டால், மேலூரார்க்கு இன்னும் சில நாள் தண்ணீர் மிஞ்சும். ஆனால் அவர்களுள்ளேயே நீர்ப்பிடிப்பை ஒட்டிப் பயிரிட்டவன் வயல் மூழ்கும், கீழூரான் பயிர் காயும். இந்த ஒரு முழத்தைப் பற்றிய வழக்குகளில்தான், கோயில் சாசனங்களைக் காட்டிலும் துலக்கமாக, ஊரின் மெய்யான எல்லை புலப்படுகிறது என்பது என் அபிப்பிராயம்.

குடியேற்றத்தின் காலமுறையை ஒருவாறு ஊகிக்கலாம். வில்லி என்னும் வேடன் காட்டைத் திருத்தி நகர் கண்டான் என்ற ஸ்ரீவில்லிபுத்தூர்த் தலவரலாற்றை அப்படியே சரித்திரமாகக் கொள்ள இயலாதாயினும், காடழிந்து ஊரான ஞாபகம் அதில் உறைந்துள்ளது. சுந்தரபாண்டியம் பாண்டியர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாயக்கர் காலத்துப் பாளையப்பட்டு முறை, கோட்டையும் படையும் சூழ்ந்த வேறுவகைக் குடியிருப்புகளைப் பரப்பியது. கான்சாபுரத்தின் பெயரை, 1764-இல் தூக்கிலிடப்பட்ட கான்சாகிபு யூசுப் கானோடு இணைத்துச் சொல்வர். அண்மையிலுள்ள இராஜபாளையம், தெலுங்கு நாட்டிலிருந்து வந்த ராஜுக்களின் குடியிருப்பாக வளர்ந்து, பருத்தியை நம்பி, 1936-இல் நூற்பாலை கண்டு நகராகிவிட்டது. கண்மாயை நம்பிய வத்திராயிருப்போ நெல்லும் தென்னையுமாகத் தன் பழைய வடிவத்தைப் பெரிதும் காத்துக்கொண்டது.

1976-ஐ ஒட்டிப் பெரியாற்றுக்கும் கோவிலாற்றுக்கும் தனித்தனியே அணைகள் எழுந்தபோது இந்தக் கண்மாய்ச் சங்கிலியின் தலைக்கண்ணி சர்க்கார் வசமாயிற்று. நீர் திறக்கும் நாளை இன்று அரசாணை குறிக்கிறது. முன்பு சாவடியில் தீர்ந்த பிணக்குகள் இப்போது நீர்வளத்துறை அலுவலகத்தை நாடுகின்றன. ஆயினும் அணைநீர் பெரும்பாலும் கண்மாய்களை நிரப்பியே வயலை அடைவதால், கலுங்கின் முக்கியத்துவம் குன்றவில்லை. இவ்வரிசையில் எங்கும் இடம்பெறாத குடியிருப்பும் ஒன்றுண்டு. எல்லா ஊர்களுக்கும் மேலே, நீர் பிறக்கும் மலையடியில், தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த பளியர்களுக்கு எந்தக் கண்மாயிலும் பாத்தியம் இருந்ததில்லை. ஆகவே நீர்ப்பங்கைக் கொண்டு ஊரை வரையறுக்கும் என் முறையும் அவர்களுடைய குடிகளின் வரலாற்றுக்குப் பயன்படாது.