முகம் பார்த்துச் சொன்ன கதை: பாத்திரமேற்பு ஆட்டங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்த வரலாறு

கொல்லிமலையில் கொல்லிப்பாவையின் கதையை எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்வதில்லை. நான்கு வயதுப் பிள்ளைக்கு அது வெறும் எச்சரிக்கை: பொழுது சாய்ந்தால் காட்டுப் பக்கம் போகாதே, பாவை சிரிப்பாள். பத்து வயதில் அவள் மலையைக் காப்பவள், ஏறிவரும் பகைவரைச் சிரித்தே சாய்ப்பவள். மீசை அரும்பிய பிறகுதான் அந்தச் சிரிப்பில் உள்ள மோகமும், மோகத்துக்குள் உள்ள சாவும் கதையில் வந்து சேரும். நற்றிணையிலும் குறுந்தொகையிலும் அகநானூற்றிலும் தலைவியின் அழகுக்கு உவமையாக நிற்கிற பாவையை இன்று எட்டுக்கை அம்மனாகக் கும்பிடுகிறோம். கதை ஒன்றுதான். கேட்பவர் முகத்தைப் பார்த்து, சொல்கிறவர் கூட்டியும் குறைத்தும் சொல்கிறார்.

மேற்கு நாடுகளில் பிறந்த, கதையை முதுகெலும்பாகக் கொண்ட பாத்திரமேற்பு ஆட்டங்கள் (பிள்ளைகள் பேச்சில் ஆர்.பி.ஜி.), குடும்பமாக உட்கார்ந்து ஆடுகிற கன்சோல்களுக்குப் பொருந்துமா என்பது அந்தத் துறையில் நெடுநாளாக நடக்கும் விவாதம். பொருந்தாது என்பவர்கள் ரத்தத்தையும் குடியையும் கட்டிலையும் காரணம் காட்டுகிறார்கள். பொருந்தும் என்பவர்கள் விற்பனையைக் காட்டுகிறார்கள். இரண்டுமே அடிப்படையான ஒன்றைத் தொடவில்லை என்பது என் துணிபு. இந்த ஆட்டங்கள் பிறந்தபோது அவற்றுக்கு முகம் பார்த்துக் கதை சொல்ல ஓர் ஆள் இருந்தார். இயந்திரம் வந்ததும் அந்த ஆள் போய்விட்டார். அவர் இடத்தை நிரப்ப ஐம்பது ஆண்டுகளாக நடந்த முயற்சிகளைத்தான் இந்தக் கட்டுரை பின்தொடர்கிறது.

மலைவழி சொன்னவர்கள்

கதைக்குள் கேட்பவரையே இறக்கிவிடுவது நமக்குப் புதிதல்ல. ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையே அப்படிப்பட்டது. மலைபடுகடாம் 583 அடிகளில் ஒரு கூத்தனை நன்னனிடம் அனுப்பிவைக்கிறது. 'நீ போவாய், நீ காண்பாய்' என்று எதிரில் நிற்பவனைப் பார்த்தே பேசுகிறது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்பவர் எறியும் கவண்கல்லிலிருந்து எப்படி ஒதுங்குவது, பாம்பு எங்கே கிடக்கும், பாசி வழுக்கும் இடத்தில் எதைப் பற்றிக்கொண்டு நடப்பது என்பதெல்லாம் அதில் உண்டு. எந்தக் குடியில் என்ன உணவு கிடைக்கும் என்பதும் உண்டு. இன்றைய ஆட்டம் ஒன்றை ஆடிப் பழகிய இளைஞரிடம் இந்தப் பகுதியை உரையோடு படித்துக் காட்டினால், இதன் அமைப்பை அவர் சட்டென்று பிடித்துக்கொள்வார்.

புறநானூற்றின் 152ஆம் பாட்டு எங்கள் மலைக்கே உரியது. வன்பரணர் பாடியது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்த வேட்டுவன் ஒருவனைக் காட்டில் பாணர் கூட்டம் சந்திக்கிறது. அவன் யாரென்று தெரியாமலே பாடுகிறார்கள். அள்ளிக் கொடுத்த பிறகுதான் அவன் வல்வில் ஓரி என்பது விளங்குகிறது. வழியில் எதிர்ப்பட்ட ஆள் யாரென்பது கடைசியில் வெளிப்படும் இந்தக் கதைக்கட்டு, ஆர்.பி.ஜி. ஆடுபவர்களுக்கு மிகப் பழக்கமானது.

கேட்பவரைப் பார்த்துச் சொல்வதைக் கூத்து இன்னும் ஒரு படி தள்ளிக் கொண்டுபோனது. காரவள்ளிப் பக்கம் அடிவாரத்தில் சிறுவயதில் நான் பார்த்த கூத்துகளில், பாயிலும் கம்பளியிலும் பாதிப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பாஞ்சாலியின் சேலையில் துச்சாதனன் கை வைக்கும் கட்டம் வரும்போது சில தாய்மார் பிள்ளையை எழுப்புவார்கள், சிலர் மடிக்குள் இழுத்து மூடுவார்கள். அந்த நேரம் பார்த்துக் கோமாளி குறுக்கே வந்து ஏதாவது சொல்லிச் சூட்டைத் தணிப்பான். பாரதத்தில் கொலை குறைவா? யாரும் அதைக் குடும்பத்துக்கு ஆகாத கதை என்று ஒதுக்கவில்லை. ராத்திரியை எப்படிப் பங்கிடுவது, எங்கே சிரிக்கவைப்பது, யாரை எப்போது எழுப்புவது என்ற ஏற்பாடு அந்தக் கொடுமையைச் சுற்றிலும் இருந்தது.

மேசையைச் சுற்றி

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். தாள், பென்சில், பகடை, ஒரு மேசை. ஆடுபவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் மட்டும் வேடம் எடுக்காமல் கதையை நடத்துவார். எதிரில் இருப்பவர் சோர்ந்தால் வேகப்படுத்துவார், பயந்தால் மெதுவாக்குவார், பன்னிரண்டு வயதுத் தம்பி வந்து உட்கார்ந்தால் கதையின் போக்கையே மாற்றிவிடுவார். நம் கதைசொல்லியும் கோமாளியும் சேர்ந்து செய்த வேலை இது.

1981-இல் 'அல்டிமா', 'விசார்ட்ரி' என்ற இரண்டு ஆட்டங்கள் ஆப்பிள் 2 கணினியில் வந்தன. மேசை போனது, நண்பர்கள் போனார்கள், கதை நடத்தியவரும் போனார். விசார்ட்ரியில் செத்த வீரனை உயிர்ப்பிக்கும் முயற்சி தவறினால் அவன் சாம்பலாவான். இன்னொரு முறையும் தவறினால் ஒரேயடியாகப் போய்விடுவான். எதிரில் அழுவது யார் என்று பார்க்க அங்கே யாரும் இல்லை.

அல்டிமாவைப் படைத்த ரிச்சர்ட் கேரியட்டின் அனுபவம் இந்த வரலாற்றில் தனி இடம் பெறவேண்டியது. மூன்றாம் பாகத்தைத் தன் சொந்த நிறுவனத்தின் வழியாக அவர் வெளியிட்டபோது, ஆடியவர்களின் கடிதங்கள் முதன்முறையாக நேரே அவர் கைக்கு வந்தன. ஊராரைக் கொன்றும் கடைக்காரரிடம் திருடியும் வெற்றிபெறுவதைப் பலர் எழுதியிருந்தார்கள். ஆட்டத்தைக் கண்டித்த கடிதங்களும் வந்தன. கேட்பவர் முகம் தபாலில் வந்து சேர்ந்தது என்றுதான் இதை நான் படிக்கிறேன். விளைவாக 1985-இல் வந்த நான்காம் பாகத்தில் வீழ்த்தவேண்டிய அரக்கனே இல்லை. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டு அறங்களில் தேறி 'அவதார்' ஆவதே ஆட்டத்தின் இலக்கு. அந்தச் சொல் நம் அவதாரம்தான்.

அதன் தொடக்கத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நாடோடிக் குறிசொல்லி ஒருத்தி சீட்டுகளை விரித்துக் கேட்கிறாள்: எண்ணாத பணப்பை ஒன்றை ஒருவர் உன்னை நம்பித் தந்திருக்கிறார். வழியில் ஏழை ஒருவர் கை நீட்டுகிறார். ஒரு காசு எடுத்தால் யாருக்கும் தெரியாது. கொடுப்பாயா, பையை அப்படியே சேர்ப்பாயா? இரண்டு பதிலும் சரி. எதைத் தேர்கிறாயோ அதற்கேற்ற ஆளாக நீ கதைக்குள் இறங்குவாய். அம்மாவும் மகனும் பக்கத்தில் உட்கார்ந்து வாதாடக்கூடிய கேள்வி இது. மேற்கத்திய ஆர்.பி.ஜி. குடும்பத்துக்கு எட்டாதது என்று சொல்பவர்களுக்கு 1985-லேயே பதில் வந்துவிட்டது.

பெயரிலேயே குடும்பம்

நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் விற்கத் தொடங்கிய கன்சோலின் பெயர் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்'. சுருக்கமாக ஃபேமிகாம். மேற்கின் ஆட்டங்களை வீட்டுக் கூடத்துக்கு ஏற்றபடி மாற்றியவர் யூஜி ஹோரி. அல்டிமாவையும் விசார்ட்ரியையும் ஆடி ஊறிய அவர், 1986 மே மாதம் 'டிராகன் குவெஸ்ட்' என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தார். அகிரா தோரியாமா வரைந்த அரக்கர்கள் உருண்டு திரண்டு சிரித்தார்கள். வீரன் செத்தால் அரசன் முன்னால் மறுபடி எழுவான். அரசன் கடிந்துகொண்டு திரும்ப அனுப்புவான். கைக்காசில் பாதி போகும், கற்ற தேர்ச்சி போகாது. விசார்ட்ரியின் சாம்பலோடு இதை ஒப்பிடுங்கள். கதை மொன்னையாகவில்லை, சாவும் இருக்கிறது. பேரப்பிள்ளை தடுக்கி விழுந்தால் தாத்தா தூக்கி நிறுத்துகிற மாதிரி ஒரு கை மட்டும் கூடியிருக்கிறது.

நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளை வேறு வழியில் போனது. ரத்தம், மது, சமயக் குறிகள் மூன்றையும் ஆட்டங்களிலிருந்து நீக்கச் சொன்னது. சிலுவைகள் மறைந்தன. 1993-இல் 'மார்ட்டல் காம்பாட்' என்ற சண்டை ஆட்டத்தில் ரத்தம் வியர்வையானது. போட்டி நிறுவனத்தின் கன்சோலில் ஒரு ரகசியக் குறியீட்டைத் தட்டினால் ரத்தம் அப்படியே வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க செனட்டில் விசாரணை நடந்தது. 1994-இல் ஈ.எஸ்.ஆர்.பி. என்ற தரநிர்ணய அமைப்பு உருவாகி, பெட்டியின் மேல் வயதுக்கேற்ற எழுத்து அச்சிடப்பட்டது. அதே ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் நின்டெண்டோ ரத்தத்தை நீக்கவில்லை. வெட்டிக் கொடுத்துவந்த நிறுவனம், எழுத்தைப் பார்த்து வீடே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விலகி நின்ற ஆண்டு அது. முகம் பார்த்தவர் இருந்த இடத்துக்கு ஒற்றை எழுத்து வந்தது.

இந்தியக் கூடங்களுக்கு இந்த வாதம் அப்போது வந்து சேரவே இல்லை. 1990-களில் சாமுராய் நிறுவனம் நின்டெண்டோவை இங்கே விற்றது. பெரும்பாலான வீடுகளுக்கு வந்ததோ அதன் நகல் பெட்டிகள், டிவி கேம் என்று எல்லோரும் அழைத்தவை. ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள், மரியோ, காண்ட்ரா, டாங்கி என்று. பாதியில் நிறுத்திவிட்டு நாளைக்குத் தொடர்கிற நீண்ட கதைக்கு அந்தக் கேசட்டுகளில் இடமில்லை. படித்துப் படித்து நகரவேண்டிய ஆங்கிலமும் பெரிய தடை. அதனால் குடும்பமாக டிவி கேம் ஆடிய ஒரு தமிழ்த் தலைமுறை, கதை ஆட்டத்தைக் காணாமலே வளர்ந்தது. இன்றும் தமிழ்நாட்டில் விளையாட்டு பற்றிய பொது விவாதம் பெரும்பாலும் ரம்மியையும் பண இழப்பையும் சுற்றியே நிற்கிறது. 2023-இல் நடைமுறைக்கு வந்த இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை ஒட்டி எழுந்த பேச்சும் அப்படித்தான். அந்த அக்கறை நியாயமானது. ஆனால் ஆட்டம் ஒரு கதையாகவும் இருக்கமுடியும் என்ற பேச்சுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை.

வாசற்படிக்குக் கீழே

2006-இல் வந்த நின்டெண்டோவின் வீ கன்சோல் 10 கோடிக்கும் மேல் விற்றது. பாட்டியும் பேத்தியும் பந்துருட்டிய கன்சோல் அது. மேற்கின் பெரிய கதை ஆட்டங்கள் அதைப் பெரும்பாலும் தவிர்த்தன. அடுத்த கன்சோலான வீ யூ 2012 நவம்பரில் வந்தபோது கனடாவின் பயோவேர் நிறுவனத்தின் 'மாஸ் எஃபெக்ட் 3' அதில் இடம்பெற்றது. அது முத்தொடரின் கடைசிப் பாகம். முதலிரண்டு பாகங்கள் அந்தக் கன்சோலில் இல்லை, ஒரு சுருக்கப் படக்கதைதான் இருந்தது. அதையொட்டியே மற்றக் கன்சோல்காரர்களுக்கு மூன்று பாகமும் ஒரே பெட்டியாகக் கிடைத்தன. பதினேழு ராத்திரிக் கூத்தை விட்டுவிட்டுப் படுகளத்துக்கு மட்டும் ஒருவரை அழைத்துவந்தால் அவருக்கு என்ன புரியும்? அது சரியாக விற்காததைக் காட்டி, குடும்பக் கன்சோலுக்கும் மேற்கத்திய கதைக்கும் ஒத்துவராது என்று முடிவு கட்டியவர்கள், பந்தி போட்ட விதத்தைக் கவனிக்கவில்லை.

2017-இல் வந்த நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலை டிவியில் பொருத்தியும் ஆடலாம், கழற்றிக் கையில் வைத்தும் ஆடலாம். பெற்றோருக்கான கட்டுப்பாட்டுச் செயலியும் உடன் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் மேற்கத்திய ஆர்.பி.ஜி.யான 'ஸ்கைரிம்' அதில் வந்தது. 2019 அக்டோபரில் போலந்தின் சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனத்தின் 'தி விட்சர் 3' ஆட்டமும் அதில் வந்தது. ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும் என்று முத்திரை பெற்ற ஆட்டம் அது.

அந்த முத்திரை சரிதான். ஆனாலும் அதில் வரும் ஒரு கதையை இங்கே சொல்லியாகவேண்டும். குடித்துவிட்டு மனைவியை அடிக்கும் ஒரு படைத்தலைவன். மனைவியும் மகளும் வீட்டைவிட்டுப் போய்விட்டார்கள். கருவிலேயே இறந்து, பெயரில்லாமல் புதைக்கப்பட்ட குழந்தை பேயாக எழுந்து அலைகிறது. அதை வெட்டிக் கொல்லலாம். இல்லையென்றால் தகப்பனே அதைக் கையில் ஏந்தி இருட்டில் நடந்து, பெயர் சூட்டி, மன்னிப்புக் கேட்டு, வாசற்படிக்குக் கீழே அடக்கம் செய்யவைக்கலாம். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்தவளுக்குச் சுமைதாங்கிக் கல் நட்ட ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை அந்நியமா? நிறைவேறாமல் போனதற்குப் பெயரும் கல்லும் கொடுத்து அமைதிப்படுத்துவது நாம் அறிந்த சடங்கு. ஆனால் எட்டு வயதுப் பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது நான் இதை ஆடமாட்டேன். குடும்பத்தைப் பற்றிய கதை என்பதாலேயே அது குடும்பத்தோடு பார்க்கும் கதையாகிவிடாது. பாவையின் முழுக் கதையையும் நான்கு வயதில் எனக்கு யாரும் சொல்லவில்லையே.

கிழிந்த சமையல் குறிப்பு

2020 ஆகஸ்டில் புனேயின் நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் 'ராஜி' என்ற ஆட்டத்தை முதலில் ஸ்விட்சில்தான் வெளியிட்டது. தம்பியைத் தேடிப் போகும் அக்காளின் கதை. இடையிடையே கதை நிழற்பாவையாக விரிகிறது, துர்க்கையும் விஷ்ணுவும் பேசிக்கொண்டே அவள் வழியை விவரிக்கிறார்கள். வெளியேறிப்போன கதைசொல்லி இங்கே திரைக்குள் திரும்பி வந்திருக்கிறார்.

2023 ஜூலை 31 அன்று டொரன்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா' மேலும் ஒரு படி போனது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, கணவன் பாவலன், மகன் கவின். வாளும் இல்லை, அரக்கனும் இல்லை. அம்மாவிடமிருந்து வந்த சமையல் புத்தகத்தில் பக்கம் கிழிந்து எழுத்து அழிந்திருக்கிறது. விடுபட்டதை நினைவாலும் கைப்பழக்கத்தாலும் நிரப்பிச் சமைக்கவேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024-இல் பாஃப்டாவின் அறிமுகப் படைப்புக்கான விருதை அது வென்றது. இலக்கணக்காரர்கள் இதை ஆர்.பி.ஜி. என்று ஏற்கமாட்டார்கள். தாயாக ஒரு முறையும் மகனாக ஒரு முறையும் நம்மை நிற்கவைக்கும் ஆட்டத்துக்குப் பாத்திரமேற்பு என்ற சொல் பொருந்தும் என்றே கருதுகிறேன்.

கடந்த ஆண்டு வல்வில் ஓரி விழாவுக்காக ஆடி 18-ஐ ஒட்டி உறவுக்காரப் பெண் ஒருத்தி ஸ்விட்ச் ஒன்றோடு கொல்லிமலைச் செம்மேட்டுக்கு வந்திருந்தாள். மழையில் வெளியே போகமுடியாத மாலை. டிவியில் பொருத்தி வெண்பாவைப் போட்டாள். முதல் சமையல் இட்லி. சாமை உலர்த்திய முறத்தை ஓரமாக வைத்துவிட்டு அவளுடைய பாட்டி வந்து உட்கார்ந்தார். எழுத்து அவருக்குத் தெரியவில்லை, தட்டு தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்தவர் பேத்தியின் தோளைத் தொட்டுக் கேட்டார்: "ஏங்கண்ணு, துணிய நனைச்சுப் போட்டாளா அவ?"

பேத்தி ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பாட்டியின் பக்கம் திரும்பினாள்.