மூன்று வருடக் கையெழுத்து

உசிலம்பட்டிக்கு மேற்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். செவ்வாய்க்கிழமை என்பதால் கர்ப்பிணிகள் கூட்டம். பெஞ்சு போதாமல் வேப்பமர நிழலில் சில பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் மகப்பேறு அட்டை, பக்கத்தில் தூக்குவாளி. உள்ளே, எம்.பி.பி.எஸ். முடித்து இரண்டு வருடம்கூட ஆகாத டாக்டரம்மா ஒவ்வொருவராக வயிற்றில் கைவைத்துப் பார்க்கிறார். பாதி திறந்த மேசை இழுப்பறையில் மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வுப் புத்தகம் ஒன்று குப்புறக் கிடக்கிறது. மருமகளைக் கூட்டிவந்த மாமியார் கேட்கிறார்: "அடுத்த பிள்ளைக்கும் நீங்கதான இருப்பீக தாயி?" டாக்டரம்மா சிரிக்கிறார். பதில் சொல்லவில்லை.

அந்த அம்மா கேட்ட கேள்வியை அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், கோதுமை வயல்களுக்கு நடுவே உள்ள சிற்றூர்களிலும் கேட்கிறார்கள். அங்கே கேட்கப்படுபவர் பல நேரம் வெளிநாட்டில் படித்துவந்தவர். அமெரிக்காவில் வேலை பார்க்கும் டாக்டர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அப்படிப்பட்டவர்தான். அவர்களில் இந்தியர்கள் மிகுதி. மதுரை மருத்துவக் கல்லூரியில் படித்தவராகவும் அவர் இருக்கலாம். கிராமத்துக்கு டாக்டரைக் கொண்டுவர இரண்டு அரசுகளும் ஒரு கொடுக்கல் வாங்கலை நம்பியிருக்கின்றன. அமெரிக்கா கொடுப்பது விசா விலக்கு. தமிழ்நாடு கொடுப்பது பி.ஜி. இடம்.

அமெரிக்காவுக்கு மேற்படிப்புப் பயிற்சிக்குப் போகும் வெளிநாட்டு டாக்டர்களில் பலர் ஜே-1 விசாவில் போகிறார்கள். பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் போய் இருந்தாக வேண்டும் என்பது அந்த விசாவோடு வரும் நிபந்தனை. கற்றது பிறந்த நாட்டுக்கும் பயன்பட வேண்டும் என்பதற்காக வைத்தது. 1994இல் வடக்கு டகோட்டாவின் செனட்டர் கென்ட் கான்ராட் கொண்டுவந்த சட்டம் அதிலிருந்து ஒரு விலக்கைத் தந்தது. டாக்டர் பற்றாக்குறை உள்ளதாக அரசு அறிவித்த பகுதியில் மூன்று ஆண்டு, வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை பார்ப்பதாக ஒப்பந்தம் போட்டால் ஊர் திரும்ப வேண்டாம். ஒரு மாநிலத்துக்கு ஆண்டுக்கு 20 இடம் என்று ஆரம்பித்தது 2002இல் 30 ஆனது. கான்ராட் 30 என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஐம்பது மாநிலங்களையும் கூட்டினால் ஆண்டுக்கு 1,500 பேர் வரை.

இந்த ஒப்பந்தத்தின் கறார்த்தனத்தைக் கவனிக்க வேண்டும். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். விலக்கு கிடைத்த 90 நாளுக்குள் அங்கே போய்ச் சேர ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை பார்ப்பது எச்-1பி விசாவில். மருத்துவமனையே மூடப்படுவது போன்ற தவிர்க்க முடியாத காரணம் இருந்தாலொழிய இடம் மாற முடியாது. பாதியில் விட்டுப் போனால் பழைய இரண்டாண்டு நிபந்தனை மறுபடி வந்து பிடித்துக்கொள்ளும். ஆகவே அந்த ஊர்க்காரருக்கு ஒன்று நிச்சயம்: இந்த டாக்டர் மூன்று வருடம் இங்கே இருப்பார்.

நம்முடைய ஏற்பாடு வேறு விதம். அரசுப் பணியில் சேர்ந்து வேலை பார்த்த டாக்டர்களுக்கு, பி.ஜி. படிப்பில் மாநிலத்தின் பங்கில் வரும் இடங்களில் பாதி. டாக்டர்கள் வாயில் இது 'சர்வீஸ் கோட்டா'. பல ஆண்டு நடைமுறையில் இருந்தது, மருத்துவக் கவுன்சிலின் விதியைக் காட்டி 2017இல் தடைபட்டது. டாக்டர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் உச்ச நீதிமன்றம்வரை போனது. 2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, இப்படி இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. இதற்குப் பக்கத்திலேயே அன்றைய மருத்துவக் கவுன்சில் வகுத்த விதியில் இன்னொரு சலுகையும் வந்தது: எட்டாத, கடினமான பகுதியில் வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் நீட் மதிப்பெண்ணில் 10 சதவீதம் வரை கூடுதல், அதிகபட்சம் 30 சதவீதம். அதாவது மூன்று ஆண்டு. அங்கும் மூன்று, இங்கும் மூன்று.

இந்தக் கோட்டாவை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரைப் பார்ப்பது தமிழ்நாட்டில் சாதாரண விஷயமாக இருப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். சம்பளத்துக்காக மட்டும் இளம் டாக்டர்கள் வந்திருக்க மாட்டார்கள். சம்பளத்தையும் முன்வைத்துத்தான் 2019 அக்டோபர் இறுதியில் அரசு டாக்டர்கள் ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். பி.ஜி. என்ற நம்பிக்கைதான் அவர்களைக் கொட்டாம்பட்டிக்கும் சேடபட்டிக்கும் பஸ் ஏற வைக்கிறது.

ஆனால் இரண்டு முறைகளிலும் டாக்டர் எந்தக் கட்டத்தில் கிராமத்துக்கு வருகிறார் என்று பாருங்கள். அமெரிக்கச் சிற்றூருக்கு வருபவர் மேற்பயிற்சியை முடித்தவர்: பொது மருத்துவர், குழந்தை மருத்துவர், மனநல மருத்துவர். நம் ஊருக்கு வருபவர் அந்தப் படிப்புக்கு இனிமேல்தான் போகப்போகிறவர். அங்கே கிராமம் படிப்புக்குப் பின்னால் வருகிறது, இங்கே முன்னால். நம் டாக்டர் கைதேர்ந்து வரும் நேரத்தில் கிராமம் அவரை அனுப்பிவைத்துவிடுகிறது. படித்து முடித்தபின் அரசுப் பணியில் இருக்க வேண்டும் என்று பாண்டு உண்டு, அதை மறுக்கவில்லை. அந்தப் பாண்டு அவரை அரசோடுதான் கட்டுகிறது, ஓர் ஊரோடு கட்டவில்லை. மதுரையைச் சுற்றித் தேனி, சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரிகள் முன்பே இருந்தன. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகளில் விருதுநகர், திண்டுக்கல், ராமநாதபுரம் மூன்றும் நம் அக்கம்பக்கம். இத்தனை கல்லூரிக்கும் ஆசிரியர் வேண்டும். பி.ஜி. முடித்தவரின் கால் இயல்பாக அந்தப் பக்கம்தான் போகும்.

இதனால் நேரும் இழப்பு ராத்திரியில்தான் தெரியும். பிரசவ வலியோடு வந்த பெண்ணுக்குக் குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது. சிசேரியன் செய்தாக வேண்டும். அறை இருக்கிறது, விளக்கு இருக்கிறது, நர்ஸ் இருக்கிறார். மயக்க மருந்து டாக்டர் மட்டும் இல்லை என்றால் அத்தனையும் இருந்து பயனில்லை. "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க" என்று சீட்டு எழுதி 108இல் ஏற்றுவார்கள். உசிலம்பட்டியிலிருந்து மதுரை ராஜாஜி மருத்துவமனைக்குச் சுமார் 40 கிலோமீட்டர். பேரையூர்க்காரருக்கு அதைவிடத் தூரம். செக்கானூரணி தாண்டும்போது வண்டிக்குள் இருப்பவர்கள் மணியைப் பார்த்துக்கொண்டே வருவார்கள். அந்தக் கூடுதல் நீட் மதிப்பெண் கணக்கில் மலைப்பகுதிக்கு முன்னுரிமை உண்டு, அது நியாயம்தான். சமவெளிக் கிராமத்தில் பஸ் ஓடுகிறது, தார்ச் சாலை இருக்கிறது, வரைபடத்தில் நகரம் கிட்டத்தில் தெரிகிறது. அந்த நள்ளிரவின் தூரத்தை எந்தப் பட்டியலும் அளப்பதில்லை.

அதற்காக அமெரிக்க வழியைத் தலையில் தூக்கிவைக்க முடியாது. அதன் பாரத்தைச் சுமப்பவர் அந்த வெளிநாட்டு டாக்டர். மூன்று வருடம் முடிந்தாலும் இந்தியாவில் பிறந்தவர்களுக்குக் கிரீன் கார்டு வரிசை பத்தாண்டுக் கணக்கில் நீள்கிறது. அதுவரை வேலை போனால் விசாவும் போகும். மதுரையில் அரசரடியிலோ தெற்குவாசலிலோ அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தகவல் வந்தால், விமானச் சீட்டு எடுப்பதற்கு முன் பல டாக்டர்கள் யோசிப்பது விசா ஸ்டாம்பிங் தேதியைத்தான். வந்துவிட்டுத் திரும்ப முடியாமல் போனால், அங்கே காத்திருக்கும் நோயாளிகளுக்கு யார்? 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தபோது கிராமப்புற மருத்துவமனைகள் பதறியதிலும் வியப்பில்லை. தன் பிள்ளைகளைப் போதிய அளவில் டாக்டராக்காத நாடு, அடுத்தவர் பிள்ளைகளை நம்பிக் கிராமத்தை நடத்துகிறது.

நமக்கு வலிக்க வேண்டிய இடம் இன்னொன்று. கான்ராட் சட்டம் எதிலிருந்து விலக்கு தருகிறது? சொந்த நாட்டில் இருக்க வேண்டிய அந்த இரண்டு ஆண்டுகளிலிருந்து. அவை நமக்கு வரவேண்டியவை. அரசு மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்க் கட்டணத்தில், மீதியை மக்கள் வரிப்பணம் ஏற்க, ராஜாஜி மருத்துவமனையின் ஏழை நோயாளிகளைத் தொட்டுப் பார்த்துத் தொழில் கற்றவரின் இரண்டு ஆண்டுகள். நெருக்கடியான பற்றாக்குறை உள்ள நாடுகளிலிருந்து வலிந்து ஆள் எடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஒரு நெறிமுறையை ஏற்றது. அதைக் கட்டாயப்படுத்த எந்தச் சட்டமும் இல்லை.

ஒரு காலத்தில் டாக்டர்கள் வந்த திசை இதற்கு நேர் எதிர். அமெரிக்கன் மதுரை மிஷன் 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து தொடங்கியது. அதன் வழியாக வந்த அமெரிக்க டாக்டர்கள் இந்தச் சமவெளியில் வைத்தியம் பார்த்தார்கள். அவர்களில் பிராங்க் வான் ஆலனின் உழைப்பில் எழுந்த மருத்துவமனை, கீழவெளி வீதியில் கிறிஸ்தவ மிஷன் மருத்துவமனையாக இன்றும் நடக்கிறது. வந்தவர்களை இருக்கவைத்தது விசாவோ மதிப்பெண்ணோ இல்லை, அவர்களுடைய மத நம்பிக்கை. அதை ஓர் அரசு விதியாக எழுத முடியாது. அரசு எழுதக்கூடியது ஒப்பந்தம்தான், அதைச் சரியாக எழுத வேண்டும்.

நாம் செய்யக்கூடியது எளிது. சர்வீஸ் கோட்டா அப்படியே இருக்கட்டும். பி.ஜி. முடித்துவரும் டாக்டரின் பாண்டில் ஊர் பெயரை எழுதுங்கள். மயக்க மருந்து, மகப்பேறு, குழந்தை மருத்துவம் ஆகிய மூன்றிலும் படித்தவர்கள் மூன்றாண்டு ஒரே தாலுகா மருத்துவமனையில், மூவரும் ஒரே இடத்தில் சேர்ந்து இருக்கும்படி போடுங்கள். ஒருவர் மட்டும் இருந்தால் அறுவை அறை திறக்காது. அதற்கு ஈடாக அவர்கள் கேட்பதையும் கொடுங்கள்: குடியிருக்கக் கௌரவமான வீடு, கூடுதல் சம்பளம், சூப்பர் ஸ்பெஷாலிட்டி இடத்தில் முன்னுரிமை. வெறும் கட்டளையாகப் போட்டால் நீண்ட விடுப்பில் போய்விடுவார்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் தரும் சட்டம் 2020இல் வந்தது. கிராமத்தில் வளர்ந்தவர்களைச் சேர்த்தால் அவர்கள் கிராமத்தில் தங்கும் வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2010இல் பரிந்துரைத்திருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்த முதல் அணி ஐந்தரை ஆண்டுப் படிப்பை முடித்து வெளியே வரும் காலம் இது. எழுமலையிலும் தே.கல்லுப்பட்டியிலும் படித்த பிள்ளைகள் போன்றவர்கள் அவர்கள். இவர்கள் பி.ஜி. முடித்து வரும்போது உசிலம்பட்டியில் இவர்களுக்கான பணியிடமும் வீடும் தயாராக இருக்க வேண்டும். சுகாதாரத் துறை அந்த வேலையை இப்போதே தொடங்க வேண்டும்.